ரணதீரன் சாகும் காட்சி

திரையில் ஒரு தடவைகூடச் சாகாத மனுஷன் ஐம்பத்துமூன்று வயதில் முதல்முறையாகச் செத்திருந்தார். அதை ஒருத்தி பார்க்க வேண்டும் என்பதற்காக, அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து கார் ஏறி, கோலார் தங்கவயலில் இருக்கிற ராபர்ட்சன்பேட்டைக்கு வந்துகொண்டிருந்தார். ஊரெல்லாம் பார்த்துப் பாராட்டிவிட்டது. பேப்பர்காரர்கள், 'இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தார் இந்த நடிகர்?' என்று எழுதிவிட்டார்கள். அதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஜெயமேரி பார்க்க வேண்டும். அது ஒன்றுதான்.

சினிமாவில் அவர் பெயர் ரணதீரன். தங்கவயலின் கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தபோது வைத்த பெயர் ஆபிரகாம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாலு பேரை அடித்தால் எவன் நம்புவான் என்று முதல் படத்துத் தயாரிப்பாளர் கேட்டார். அன்றைக்குப் போனது ஆபிரகாம். அதற்கப்புறம் லாரிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார், ஓடுகிற ரயிலின் மேல் ஓடினார், குண்டடி பட்டு விழுந்தவர் தங்கச்சியின் தாலியை நினைத்து எழுந்தார். எழுந்துகொண்டேதான் இருந்தார். கடைசியில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. பின்னால் வந்த படங்களில் அவர் போட்ட சண்டையைவிட அவருடைய டூப் போட்ட சண்டைதான் அதிகம். ஜனங்களும் லேசுப்பட்டவர்களா? கண்டுபிடித்துவிட்டார்கள். படங்கள் வரிசையாகப் படுத்தன.

அந்த நேரத்தில்தான் பவன் என்ற சின்னப்பையன், முதல் படம் எடுக்க வந்தவன், வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "சார், இதுல நீங்க தோக்கணும்" என்றான். பக்கத்திலிருந்த மேனேஜர் அவனைத் துரத்தப் போனார். ரணதீரன்தான் உட்காரச் சொன்னார்.

படத்துக்கு 'முட்டுச்சந்து' என்று பெயர். பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது, பாதிப் படம் மழையும் இருட்டும். ஒரு கிழட்டு ரவுடி. யாருக்காக வாழ்நாளெல்லாம் கத்தி எடுத்தானோ அவர்களே அவனைக் கத்தியால் குத்தி, கூட்ஸ் ஷெட்டில் போட்டுவிட்டுப் போகிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முட்டுச்சந்துக்குள் நடக்கிறான். சந்தின் கோடியில், இளவயதில் அவன் கைவிட்டுப் போன பெண்ணின் வீடு. கதவைத் தட்டுகிறான். "வந்துட்டேன். லேட்டாயிடுச்சு. மன்னிச்சிடு" என்கிறான். கதவு திறப்பதற்குள் செத்துப்போகிறான். அவ்வளவுதான் கதை.

அந்தக் காட்சியைப் பலமுறை எடுத்தார்கள். ஒவ்வொரு டேக்கிலும் அவர் சாவது, அடுத்த ரீலில் எழுந்துவிடப் போகிறவன் சாவது மாதிரியே இருந்தது. பவன் தலையில் கைவைத்துக்கொண்டான். கடைசியில் எந்த டேக்கிலோ, செட்டில் போட்டிருந்த மரக்கதவு மறைந்து கோரமண்டலில் ஒரு கதவு தெரிந்தது. 'லேட்டாயிடுச்சு' என்றதும் ஒரு மூச்சு நின்றது. பிறகுதான் 'மன்னிச்சிடு' வந்தது. கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் கட் சொல்ல மறந்து நின்றார்கள்.

கோரமண்டல் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆபிரகாமுக்கும் ஜெயமேரிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரே லைனில் வளர்ந்தவர்கள், நீ நான் என்று பேசிக்கொள்கிறவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சபைக்கு அறிவிப்பார். இரண்டு ஓலை முடிந்தது. மெட்ராஸிலிருந்து ஸ்டண்ட் மாஸ்டர் ஒருவர் சினிமாவில் சேர வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். சனிக்கிழமை ஆபிரகாம் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிவிட்டான். சாமியாருக்கு அது தெரியாது. மறுநாள் மூன்றாவது ஓலையையும் கணீரென்று வாசித்துவிட்டார். பெண்கள் பக்கம் முக்காடு போட்டுக்கொண்டு ஜெயமேரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தடை சொல்ல ஒருவரும் எழவில்லை. மத்தியானத்துக்குள் லைன் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

உடனே அவள் கண்ணீரும் கம்பலையுமாகக் காத்திருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். நர்ஸ் வேலைக்குப் படித்தாள், ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள், தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த ஒரு நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டாள், பிரேம் என்று ஒரு மகனைப் பெற்று பெங்களூரில் வேலைக்கும் அனுப்பிவிட்டாள். ஃபிட்டர் காலமாகி நாலு வருஷமாகிறது. ஏங்கிக்கொண்டு கிடந்தவர் ரணதீரன்தான். அதுவும் வயசாக ஆகத்தான். இளமையில் அந்த ஞாபகம் வந்தால் ஒரு சண்டைக் காட்சியில் மறைந்துவிடும். முழங்கால் போனபிறகு அதுவும் முடியவில்லை.

ஒரு தடவையாவது போய் நேரில் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எத்தனையோ தரம், தங்கவயலுக்குச் சற்று முன்னால் இருக்கிற பங்காருபேட்டை வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறார். பத்துப் பேரை ஒரே நேரத்தில் அடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு கதவைத் தட்ட தைரியம் வரவில்லை. படம்தான் அதைச் செய்தது. அவள் அதைப் பார்த்துவிட்டால் போதும், மிச்சத்தை அவளே புரிந்துகொள்வாள் என்று நம்பினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோலார் தங்கவயல் ரணதீரன் ரசிகர் மன்றத்துக்குத் தலைவர் ஞானதாஸ். ஜெயமேரியின் கூடப்பிறந்த தம்பி. தங்கச் சுரங்கத்தில், அந்த ஊர்ப் பேச்சில் மைனில், வேலை. அக்காவை விட்டுப் போனவனை அவன் வெட்டியிருக்க வேண்டும். அவனோ அவருடைய கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். அக்கா வீட்டில் மட்டும் அவர் பேரை எடுக்க மாட்டான். அவனுக்குத்தான் ரணதீரன் போன் செய்தார்.

"உங்க அக்காவக் கூட்டிக்கினு வா, ஞானதாசு. ஞாயித்துக்கெழம மேட்னி. நான் வர்றது யாருக்கும் தெரியக் கூடாது."

"அக்கா இதுவர உங்க படம் ஒண்ணுகூட பாக்கல, அண்ணா. அடிதடி புடிக்காதுன்னு சொல்லும்."

"இது அடிதடி இல்லன்னு சொல்லு."

எப்படியோ சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். படம் ஆரம்பித்து விளக்கு அணைந்தபிறகு ரணதீரன் குல்லாயும் மஃப்ளருமாகப் பால்கனிக்குள் நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு வரிசை முன்னால் நரைத்த கொண்டை தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கோயிலிலும் அப்படித்தான் உட்காருவாள் என்பது அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. பாவி மனுஷன் அதற்கப்புறம் திரையைப் பார்க்கவில்லை. திரையில் வெளிச்சம் வரும்போதெல்லாம் அந்தக் கொண்டையைப் பார்த்தார்.

இடைவேளையில் தியேட்டர்காரர் ராஜப்பாவின் அறையில் ஒளிந்துகொண்டார். ராஜப்பா டீ கொடுத்து, வெகு சந்தோஷமாக இருந்தார். "இப்ப ஒண்ணும் கலாட்டா இல்ல சார். எல்லாம் சரி பண்ணிட்டோம்" என்றார். என்ன கலாட்டா என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் நினைப்பெல்லாம் கடைசி ரீலில் இருந்தது.

இரண்டாம் பாதியில் கிழட்டு ரவுடி தன் பழைய போட்டோவைப் பார்க்கிற காட்சியில் ஜெயமேரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரணதீரன் சீட்டின் நுனிக்கு நகர்ந்தார். கூட்ஸ் ஷெட் வந்தது. கத்திக்குத்து வந்தது. கீழே தரை டிக்கெட்டில் ஒருவன் விடாமல் விசிலடித்துக்கொண்டிருந்தான். ரவுடி எழுந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி, சந்துக்குள் நடந்தான். அடுத்தது கதவு. ரணதீரன் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் 'வணக்கம்' என்று வந்தது. விளக்கு போட்டுவிட்டார்கள்.

ஜனங்கள் ஆரவாரமாக எழுந்தார்கள். தலைவர் தப்பித்துவிட்டார் என்ற சந்தோஷம். ரணதீரன் எழவில்லை. ரீல் மாறிப்போயிற்றோ, ஆப்பரேட்டர் தூங்கிவிட்டானோ என்று ஒரு நிமிஷம் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூட்டு வலியோடு எழுந்து படிக்கட்டுக்குப் போனார். அதற்குள் எவனோ மஃப்ளரைத் தாண்டி மூக்கைக் கண்டுபிடித்துவிட்டான். கீழே இறங்குவதற்குள் தியேட்டர் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மன்றத்துப் பையன்கள் கைகோத்து நடுவில் கொஞ்சம் இடம் பண்ணினார்கள். அந்த இடத்தில் ஞானதாஸ் தன் அக்காவோடு நின்றுகொண்டிருந்தான்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் ஜெயமேரி.

அந்த 'நீங்க' அவர் முகத்தில் அறைந்தது. அடி வாங்கிப் பழகியவர், தாங்கிக்கொண்டார்.

"இருக்கேன், மேரி. படம்..."

"நல்லாத்தான் எடுத்துக்கீறாங்க. ஒண்ணுதான் புரில. கடைசில அந்த சந்துல எங்க போறீங்க?"

"ஒரு வீட்டுக்கு."

"வீடு ஒண்ணும் காட்டலியே. எல்லாத்தையும் வுட்டுட்டுப் போறாப்பல இல்ல கீது?"

ஞானதாஸ்தான் முந்திக்கொண்டான்.

"அத நாங்கதான் எடுத்துட்டோம், அக்கா. மொத நாளு அண்ணன் சாவறதப் பாத்துட்டு பசங்க சேரெல்லாம் ஒடச்சிட்டாங்க. ஷிப்ட் முடிஞ்சி வந்தவங்க சில பேரு வூட்டுக்கே போவல, வாசல்லயே குந்திக்கினு அழுவறாங்க. மைனத்தான் மூடப்போறேன்றான், இவரும் செத்துட்டா நாங்க இன்னா பண்றது? அதான் ராஜப்பா சாரு ஆப்பரேட்டர்கிட்ட சொல்லி வெட்டிட்டாரு." பிறகு பெருமையாக ரணதீரன் பக்கம் திரும்பினான். "சாவறதுகூட பரவால்லண்ணா. யாரோ ஒரு பொம்பள வூட்டுக் கதவத் தட்டி மன்னிப்புக் கேக்கறாப்பல வெச்சிக்கீறானே டைரக்டரு? எங்க அண்ணன் எதுக்கு ஒருத்திகிட்ட போய் மன்னிப்புக் கேக்கணும்?"

கூட்டம் ஆமாம் என்றது. ஜெயமேரி தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமா, சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை.

"இன்னா சொல்லிக் கேக்கறாரு?" என்றாள்.

ஞானதாஸுக்கு வசனம் மனப்பாடம். குரலைக் கனைத்துக்கொண்டான்.

"நீ இரு. அவரு சொல்லட்டும்" என்று ஜெயமேரி அவனை நிறுத்தினாள்.

சொல்லத்தானே வந்தார். இத்தனை வருஷம் பங்காருபேட்டையிலிருந்து திரும்பிப் போனதெல்லாம் இதைச் சொல்ல முடியாமல்தானே. ரணதீரன் குல்லாயைக் கழற்றினார். சாயம் போடாத நரைமுடி கலைந்து கிடந்தது. அவர் சொன்னது படத்து வசனம் இல்லை.

"மேரி, மூணாவது ஓலைக்கு நான் இருந்திருக்கணும். அன்னிக்கி உன்ன அங்க ஒக்கார வெச்சிட்டுப் போனது இன்னிக்கும் என்னத் தின்னுது. என்ன மன்னிச்சிடு."

குரல் உடைந்து, வார்த்தை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, உதட்டுக்கு வெளியே வரவே கஷ்டப்பட்டது. அவர் வாயைத் திறந்ததுமே கூட்டம் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. தலைவர் நம்ம ஊரில், நம்ம கண்ணெதிரே வசனம் பேசுகிறார்! எவனோ பட்டாசு கொளுத்தினான்.

ஜெயமேரி ஒரு காதை அவர் பக்கம் சாய்த்தாள். முகம் கொஞ்சம் இளகியிருந்தது. அது அவருக்குத் தெரிந்தது. என்னைக் கேட்டால், அன்றைக்கு அவள் மன்னிக்கத் தயாராகத்தான் நின்றாள்.

"கேக்கல, ஆபிரகாமு. சத்தத்துல ஒண்ணும் கேக்கல. இன்னொரு தபா சொல்லு."

நீ என்று சொல்லிவிட்டாள். ஞானதாஸ் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினான். தெருவே அமைதியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்றார்கள்.

ரணதீரன் முன்னால் சொன்னதை மறுபடி தேடினார். அது கிடைக்கவில்லை. அவ்வளவு பேருடைய கண்ணும் முகத்தில் விழுந்ததும் தோள் தானாக நிமிர்ந்தது, தாடை தானாக இறுகியது, குரல் அடிவயிற்றிலிருந்து தானாக எழுந்தது.

"வந்துட்டேன்" என்றார். "லேட்டாயிடுச்சு."

ஒரு மூச்சு நின்றது. சரியாக நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"மன்னிச்சிடு."

அற்புதமாக வந்தது. பவன் இருந்தால் கட்டிப்பிடித்திருப்பான். அற்புதமாக வந்துவிட்டது என்பது அவர் காதுக்கே கேட்டது. கூட்டத்தில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த நொடி கைத்தட்டல் தெருவை அடைத்தது.

ஜெயமேரி அவர் முகத்தைப் பார்த்தாள். சாய்த்திருந்த தலையை நேராக்கிக்கொண்டாள்.

"நல்லா நடிக்கிறீங்க" என்றாள், பொய்யில்லாமல். அப்புறம் தம்பியிடம், "கோரமண்டலுக்கு இப்ப பஸ் இருக்குதாடா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள். கூட்டம் அவளுக்கு மரியாதையாக வழிவிட்டது.

'மேரி' என்று கூப்பிட ரணதீரனுக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டால் அதுவும் நன்றாகத்தான் வந்திருக்கும். அந்தப் பயத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

மன்றத்துப் பையன்கள் அவரைத் தள்ளிக்கொண்டுபோய்க் காரில் உட்காரவைத்தார்கள். ஞானதாஸுக்கு என்னவோ தப்பாகிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. கண்ணாடி வழியாகத் தலையை நுழைத்தான்.

"அண்ணா, அந்தத் துண்டு ஆப்பரேட்டர்கிட்ட பத்திரமா கீது. உங்களுக்கு மனசு கஷ்டம்னா சொல்லுங்க. சாயந்தர ஷோவுக்கே ஒட்டிடச் சொல்றேன். சேர ஒடச்சா ஒடச்சிக்கினு போறானுங்க."

"வேணாம், ஞானதாசு" என்றார் ரணதீரன். "அதப் பாக்க வேண்டியவங்க பாத்துட்டாங்க."