தனித்தனித் துடிப்பு

ஈசிஜி அறையில் பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் அவள். ஒருமுறை எடுத்ததை மறுபடி எடுக்கும் வழக்கமே கிடையாது. அன்று புது மெஷின் வந்திருந்தது. சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே! பள்ளி விட்டு வந்து, மேசைக்கடியில் புகுந்துகொண்டிருந்த எட்டு வயது மகளைப் பிடித்துப் படுக்கவைத்தாள்.

துடிப்பு ஐம்பத்தாறு. மகளின் நாடி நிதானம் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். ஓட்டப்பந்தயத்தில் கப் வாங்குகிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவளாயிற்றே! ஆனால் காகிதத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கை கால்களில் மாட்டிய க்ளிப்பைத் திட்டினாள், மாற்றினாள், மறுபடி எடுத்தாள். நான்காவது முறை மகள் பொறுமை இழந்தாள்.

"மெஷின் மக்கா, நீ மக்காம்மா?"

அவளுக்குச் சுருக்கென்றது. மக்கு அவள்தான். இதயத்தின் மேலறை தன்பாட்டுக்குத் துடிக்கிறது, கீழறை தன்பாட்டுக்கு. இரண்டுக்கும் நடுவே செய்தி போகிற வழி அடைபட்டிருக்கிறது. வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் முதல் காகிதத்திலேயே கண்டுபிடித்திருப்பாள்.

குழந்தைகளின் இதய டாக்டர் ஆற அமரப் பார்த்தார். எக்கோ எடுத்தார். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் பெட்டியை மார்பில் மாட்டிவிட்டார். கடைசியாக ட்ரெட்மில்லில் ஏற்றியபோது, "யாரை முந்தணும்?" என்றாள் மகள். துடிப்பு நூற்றிருபதுக்கு ஏறியது.

"பிறவியிலேயே இருந்திருக்கும். இப்போதைக்கு பேஸ்மேக்கர் வேண்டாம்," என்றார் டாக்டர். "ஆறு மாசத்துக்கு ஒருதடவை பார்த்துக்கிட்டே இருப்போம். துடிப்பு ரொம்பக் குறைஞ்சா, நடுவுல நின்னு நின்னு போனா, அப்ப வெச்சுடலாம்."

"சனிக்கிழமை பந்தயம் இருக்கே?" என்று இழுத்தாள் அம்மா.

"தாராளமா ஓடட்டும். நீங்க விடணுமே!"

வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை பத்திரமாக உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமை மட்டுமா, என்றைக்கும் உட்கார்ந்தே இருக்கும்.

அன்று மாலை பந்தயத்தில் ஓட அனுமதி கேட்கும் பள்ளிப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"தலை சுத்தினாலோ கண்ணு இருட்டினாலோ உடனே உக்காந்துடணும். உங்க சார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"முதல்ல ஓடிட்டிருந்தா?"

"அப்பவும்."

"கோட்டைத் தொட ஒரு அடிதான் இருந்தா?"

"அரை அடி இருந்தாலும்."

மகள் வெகுநேரம் யோசித்தாள். இத்தனை பெரிய விஷயத்தை இதுவரை யாரும் அவளை விட்டுக்கொடுக்கச் சொன்னதில்லை. முகம் சுருங்கியது, கண் கலங்கியது.

"சரி. உக்காந்துடுறேன்."

சொன்னால் செய்கிற பிள்ளை. அம்மா கையெழுத்துப் போட்டாள்.