ஒத்திகை ஆளுநர்

மாநில ஆளுநர் பேனாவைத் திறந்தால் சிறைக்கதவு திறக்கும். அரசமைப்புச் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் மாபெரும் கருணை அது. வெள்ளிக்கிழமை மணப்பாட்டுக் கடற்கரையில் வந்து இறங்கிய ஆளுநரிடம் பேனா இல்லை. அவர் தாலுகா ஆபீஸ் உதவியாளர் ராஜதுரை. மறுநாள் ஆளுநர் வரவிருந்த முத்துத் திருவிழாவுக்கு அன்று ஒத்திகை. ஆளுநரின் உயரம் அந்த ஆபீசிலேயே அவனுக்குத்தான் இருந்தது.

"ஏலே, சிரிக்காதலே. ஆளுநரு சிரிக்க மாட்டாரு" என்றார் வருவாய் ஆய்வாளர் உமாராணி.

வரவேற்பு வரிசையில் சங்குத் தட்டோடு நின்றாள் எமில்டா, முத்துக் குளித்த குடும்பம் என்ற கணக்கில். நாளைக்குச் சொல்ல வேண்டியதை அவள் இன்றே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஒத்திகை என்றால் அதுதானே.

"ஐயா, என் தம்பி வியான்னி பதினேழு வருசமா பாளையங்கோட்டை ஜெயில்ல கெடக்கான். மந்திரிசபையே விடச் சொல்லியாச்சு. பதினாலு மாசமா பைலு ஒங்க மேசையில கெடக்கு. ஒங்க ஒத்தக் கையெழுத்துதான் பாக்கி."

ராஜதுரையை அதுவரை யாரும் ஐயா என்றதில்லை.

"அழாதம்மா, நாளைக்கே போட்டுருதேன்."

அவள் அழவில்லை.

"யாருலே ஒன்னயப் பேசச் சொன்னது?" என்று உமாராணி பாய்ந்தார். "அவரு தலைய ஆட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பாரு."

"ஆளுநருக்கு அதிகாரம் இருக்குல்லா மேடம்..."

குறைகளைக் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை. கண்டுபிடிக்கப்பட்ட குறை எமில்டா. தட்டு வேறொரு பெண்ணின் கைக்குப் போனது.

சனிக்கிழமை எமில்டா கயிற்றுக்கு அப்பால் நின்றாள். ஆளுநர் வந்தார். தலையை ஆட்டினார். பன்னிரண்டு நிமிடத்தில் போனார். அவள் வீட்டுக்குப் போய்ச் சாளை மீன் அரிந்தாள். கோபம் வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"ஆளுநரா வந்த அண்ணாச்சி இருக்காவளா மேடம்?"

"ஏளா, அவன் பைல் தூக்குறவன். அவன் கையெழுத்துக்கு டீக்கடையில டீ கூட வராது."

"தெரியும் மேடம். ஆனா கேட்டதுக்குப் பதில் சொன்னது அவிய மட்டுந்தான்."

உமாராணி பெஞ்சைக் காட்டினார். எமில்டா உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. நாலரை மணிக்கு, நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அதுவரை ராஜதுரை ஆண்கள் கழிவறைக்குள் இருந்தான்.