வெளியே விழாத தோட்டா

சுட்டு முடித்த வெற்றுத் தோட்டா இம்முறையும் தெறித்து விழவில்லை. துப்பாக்கியின் பக்கத்துத் திறப்பில், பாதி உடம்பை வெளியே நீட்டியபடி செருகிக்கொண்டு நின்றது. ஈரத் தரையில் விரித்த படங்கின் மேல் குப்புறப் படுத்திருந்த ஷாமிலா, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

மஸ்கெலியாவுக்கு மேலே, மலையை வெட்டி அமைத்திருந்த பொலிஸ் சூட்டுத் திடல் அது. மாவட்டத் துப்பாக்கிச் சுடும் அணிக்கு அன்றுதான் ஆள் எடுக்கிறார்கள். கான்ஸ்டபிளாகச் சேர்ந்த நாளிலிருந்து ஷாமிலாவின் குறி தப்பியது குறைவு. அவள் அணியில் வந்துவிடுவாள் என்று நிலையத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பொகவந்தலாவையில் கொழுந்து பறிக்கும் அம்மா அழகம்மா, லயத்து வீடுகள் முழுக்க அதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டாள். இப்போது தானாக வெற்றுத் தோட்டாவின் கோதை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ள வேண்டிய துப்பாக்கி, ஒவ்வொரு வெடிக்கும் விக்கி நிற்கிறது.

ஹேரத் சார்ஜன் வந்து குனிந்து பார்த்தார். தோளில் இறுக்கிப் பிடிக்காவிட்டால் இப்படித்தான் ஆகும், பெண் பிள்ளைகளுக்கு இது வழக்கம் என்று சிங்களத்தில் சொன்னார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் ஷாமிலாவுக்கு அதிகம் உறுத்தியது. தோள் வலிக்க வலிக்க இறுக்கித்தான் பிடித்திருந்தாள்.

பக்கத்துப் படங்கில் கிடந்த அஃப்னா மெல்லக் கூப்பிட்டாள். ஹட்டன் பஜார்க்காரி, ஒரே அறையில் தங்கும் தோழி.

"ஷாமிலா, பேசாம என்ட துவக்க வாங்கிச் சுட்டுரு. டீம்ல சேந்தாப் போதும்தானே."

"வேணாம்டி. நாளைக்கு டூட்டிக்குப் போறப்ப இதத்தானே என் கையில குடுப்பாங்க. அங்க வச்சு இப்படி நின்னா?"

சார்ஜனிடம் அனுமதி கேட்டு மகசினை மாற்றினாள். சிக்கியது. வேறு பெட்டித் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டாள். அதுவும் சிக்கியது. சோதித்துப் பார்க்க மீதி இருந்தது பிடிக்கிற தோள் ஒன்றுதான். கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒரு தடவை நீங்களே சுட்டுப் பாருங்கள் சார் என்று சிங்களத்தில் கேட்டாள். வரிசையில் ஒருவன் இருமினான்.

சார்ஜன் தொப்பியைத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்தார். தொந்தியை நகர்த்தி வசதி பண்ணிக்கொண்டு, தோளில் நன்றாக இறுக்கிச் சுட்டார். அவருக்கும் கோது பாதியில் வந்து நின்றது. அவர் அதைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு படுத்தவாக்கிலேயே வயிறு குலுங்கச் சிரித்தார். "தோள் தளர்ந்துபோச்சு எனக்கு," என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

தோட்டாவை இறக்கி, துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்று இரண்டு பேரும் பார்த்தபின், மேசையில் வைத்துக் கழற்றினார்கள். வெற்றுத் தோட்டாவின் விளிம்பைக் கவ்வி வெளியே இழுக்கிற சின்னக் கொக்கியை சார்ஜன் தீக்குச்சியால் அமுக்கினார். அது அசையவில்லை. அடியில் குச்சியை விட்டுக் கிண்டியபோது, புகைக்கரியும் எண்ணெயும் குழைந்த கறுப்புப் பிசின் திரளாக வந்தது.

ஷாமிலாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இந்த மலையில் அரிவாள்மணைகூட ஒரு இரவில் துருவேறிவிடும். அந்தப் பயத்தில் கடமை முடிந்த ஒவ்வொரு மாலையும் கொக்கியில் எண்ணெய் விட்டாள். மறுநாள், முதல்நாள் எண்ணெயைத் துடைக்காமல் அதன் மேலேயே விட்டாள். பிள்ளைக்குத் தலைக்கு வைப்பதுபோல வைத்திருக்கிறாள்.

யார் இதைத் துடைப்பது என்று சார்ஜன் கேட்டார். ஆயுத அறையில் வேலை செய்கிறவன் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவன் அங்கே இல்லை.

"நான்தான் சார். எண்ணெய் கூடிப்போச்சு."

சார்ஜன் குச்சியைக் கீழே போட்டார். துடைக்காமல் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்த்துப் பார்த்துக் கெடுத்தவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு துணியை அவள் பக்கம் தள்ளினார்.

கொக்கியைத் துடைத்தாள், தோட்டா அறையை பிரஷ் விட்டுத் தேய்த்தாள், எண்ணெயை ஒரு பொட்டு வைத்து அதையும் வழித்தெடுத்தாள். திரும்பப் படுத்துச் சுட்டபோது கோது பளிச்சென்று வலப்பக்கம் எகிறியது. அடுத்ததும் எகிறியது. குறிப்பலகையில் என்ன விழுகிறது என்பதைவிட, காதோரம் அந்தப் பித்தளை பறக்கிற சத்தமே அவளுக்குப் போதுமாக இருந்தது. அணிப் பெயர்களைப் பிறகு அறிவிப்பார்கள். அஃப்னா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

"இப்பதான்டி துவக்கு மூச்சு உடுது."

சூடு முடிந்து சிவப்புக் கொடியை இறக்கியதும் கோதுகளைப் பொறுக்கி, எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தது. ஷாமிலாவின் துப்பாக்கி எகிறவிட்டதுதான், திடலின் ஓரம் தாண்டித் தேயிலைக்குள் போயிருந்தது. சார்ஜன், அஃப்னா, வரிசையில் இருந்த எல்லோருமே குனிந்து செடிகளை விலக்கினார்கள். கீழே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. கொடி இறங்கியதைப் பார்த்துக் கூடைகளோடு திரும்பிய பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னா பொலிஸ், கொழுந்து கிள்ளுறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டுவிட்டுத் தானும் அடுத்த நிரையில் இறங்கி, இலைகளுக்குள் கைவிட்டுத் தேட ஆரம்பித்தாள்.