எடுத்துடுங்க அண்ணி

மூன்று வருடமாகச் சொட்டு ஒரே ஒரு நொதியின் பின்னால் அலைந்துகொண்டிருந்தாள். நாள் முழுக்கப் பிளாஸ்டிக் தட்டுக் குழிகளில் துளித்துளியாக அதை வைப்பதால் ஆய்வகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். துளி மெல்ல வற்றிப் படிகமானால்தான் எக்ஸ்ரே கருவியில் வைத்து நொதியின் உருவத்தைக் கண்டுபிடிக்க முடியும். ஒரு துளிகூட மசியவில்லை. "நாளைக்கும் படிகம் இல்லன்னா இதை மூட்டை கட்டிருவோம்மா" என்று தலைவர் சொல்லிவிட்டார்.

பட்டினி கிடக்கும் பாக்டீரியா சில சமயம் தன்னை ஒரு வித்தாகச் சுருட்டிக்கொள்ளும். கொதிக்க வைத்தாலும் சாகாது. அந்த வித்தின் மேலுறையை இழுத்துத் தைக்கும் நொதி இது. எந்தக் கையால் ஊசி பிடிக்கிறது என்று பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

கடைசியாகப் பழைய கலவைகளை நோட்டில் புரட்டினாள். ஒன்றை எழுதாமலே விட்டிருந்தாள். நேராக நீராவி அறைக்குப் போனாள். பழைய தட்டுகளை வேகவைத்துக் கழிப்பது அங்கேதான். அந்த அறை அவள் அண்ணியின் பொறுப்பு.

"அண்ணி, ரெண்டு மாசம் முன்னாடி மேஜை மேல இருந்த தட்டை எடுத்துடுங்கன்னு சொன்னேனே, அதுல என்ன கலவை நம்பர் போட்டிருந்துச்சு?"

"நம்பர் எதுக்கு? தட்டே இருக்கு."

"தூக்கிப் போடலையா?"

"எடுத்துடுங்கன்ன, எடுத்து வச்சேன். தூக்கிப் போடுன்னா போட்டிருப்பேன். உங்க அண்ணனும் இப்படித்தான், பாதி வார்த்தையை முழுங்கிடுவாரு."

நீராவிக் கருவியை ஒட்டிய அலமாரி கதகதவென்று இருந்தது. தட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். ஏழாவது குழியில் உடைந்த கண்ணாடித் துண்டு போலப் படிகங்கள்!

"அப்புறம் ஏன்டி முகம் சுருங்குது?" என்றாள் கூடவே வந்த அண்ணி.

"உப்புப் படிகமா இருந்தா போச்சு அண்ணி. உப்புன்னா எக்ஸ்ரேல புள்ளி கொஞ்சமா, தூரதூரமா விழும். நொதின்னா நெருக்கமாக் கொட்டும்."

மறுநாள் காலை கையுறையைக்கூடக் கழற்றாமல் அண்ணியும் வந்து நின்றாள். எக்ஸ்ரே கருவியின் திரை ஒரு நொடி வெறுமையாக இருந்தது. பிறகு புள்ளிகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன.

"எண்ணவே முடியலையேடி!"

"உப்பு இல்ல அண்ணி!"

ஆனால் இதுவரை வராதது இப்போது ஏன் வந்தது? மீதிப் படிகத்தைக் கரைத்து நிறை பார்த்தாள். நிறை குறைந்து, நொதி கொஞ்சம் குட்டையாகியிருந்தது.

"இதுக்கு ஒரு வால் உண்டு அண்ணி. அது ஆடிக்கிட்டே இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா எப்படி நிக்கும்?"

"வாலை நறுக்கினது யாரு?"

"கூடவே ஒட்டிக்கிட்டு வந்த வேற ஏதோ நொதியா இருக்கும். உங்க அலமாரிச் சூட்டுல வேலையக் காட்டியிருக்கு. இனிமே அதையும் தேடணும்."

அன்று மாலை சொட்டு மூன்று புதுத் தட்டுகளை நீராவி அறைக்குக் கொண்டுவந்தாள். மேலே ஒட்டியிருந்த சீட்டை அண்ணி சத்தமாகப் படித்தாள்: "சூடான அலமாரியில் இரண்டு மாதம் வைக்கவும். தூக்கிப் போட வேண்டாம்."

"அடேயப்பா, முழு வாக்கியம்! உங்க அண்ணனுக்கும் சொல்லிக் குடு" என்று சொல்லி அலமாரியைத் திறந்தாள்.