செருப்புக்குக் காவல்

“கோயிலே கதின்னு கிடக்குறவ நீ, உனக்குத் தெரியாததா... என்னைப் பொண்ணு கேட்டிருக்கானே, அந்த அயாத் எப்படிடி?” கீரையை நறுக்கியபடி, தலை நிமிராமல்தான் அக்கா நெவீன் கேட்டாள். “தங்கமான மனுஷன்க்கா.” “கோபம் ஜாஸ்தின்னு சொல்றாங்களே?” “கோபமே வராத ஆம்பளைய கல்லறையிலதான் தேடணும்.” நெவீன் சிரித்துவிட்டாள், சரிடி, நீ சொன்னா சரிதான் என்றாள்... பதினோரு வருஷம் ஆகிவிட்டது, ஷுப்ரா பேட்டையின் இந்த அடுக்குமாடி இருட்டுப் படிகளில் ஏறும்போதும் ஃபிரியாலின் காதில் அந்தச் சிரிப்புதான் கேட்டது, லிஃப்ட் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள், இன்னும் மூன்று மாடி, கைப்பையில் சிலுவை முத்திரை பதித்த ஐந்து அப்பங்கள் இன்னும் சூடாக இருந்தன, கோயிலுக்கு வராமல் போனவர்களின் பட்டியல் ஈரக் கைக்குள் கசங்கியிருந்தது, ஏழாவது பெயர் நெவீன்.

வேறு யாரையாவது அனுப்புங்க அபூனா, எனக்குத் தகுதியில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள், காலை வழிபாடு முடிந்த கையோடு. யுஸ்தோஸ் சாமியார் தாடிக்குள் சிரித்தார். “தகுதி இருக்குறவங்கதான் வேலை செய்யணும்னா முதல்ல நான் அங்கியைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போகணும். உன் கூடப்பிறந்தவதானே, போய்க் கூட்டிட்டு வாம்மா.” அவருக்கு என்ன தெரியும், அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தே ஆறு வருஷமாகிறது, நற்கருணையும் ஆறு வருஷமாக இல்லை, நெவீனின் மணிக்கட்டில் அயாத்தின் விரல்கள் பதிந்த நீலத் தழும்பைப் பார்த்த வாரத்திலிருந்து. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த நன்மையை வாங்கப் போக வேண்டும் என்பது எவ்வளவு வசதியாகப் போயிற்று... அவளிடம் மறைக்கல்வி படிக்கிற பிள்ளைகள் இருபத்துமூன்று பேரும் வெறுங்காலோடு வரிசையில் நிற்பார்கள், அவள் மட்டும் பெஞ்சுக்கு அடியில் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருப்பாள், நீங்க வரலையா டீச்சர், இதையெல்லாம் யார் பார்த்துக்குறது கண்ணு, நீ போ. அவர்கள் வெள்ளைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வருவார்கள், முகமெல்லாம் வெளிச்சமாக. ஜெபம் சொல்லிக் கொடுத்தது அவள்தான், ஆண்டவர் யாரையும் தள்ளமாட்டார் என்று சொல்லிக் கொடுத்ததும் அவள்தான், அவர்கள் நம்பினார்கள், போன மாதம் குடிகார ஹன்னாகூட அவள் பேச்சைக் கேட்டுக் கோயிலுக்குத் திரும்பினான்... எல்லோர் வீட்டுக்கும் ஆண்டவரைச் சுமந்துபோகிற இந்தக் கைகளில் தனக்கென்று ஒரு துணுக்கும் ஒட்டுவதில்லையே, ஏன்?

ஏன் என்று தெரியாதா என்ன. கோயில் முற்றத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், அயாத் தன் சொந்தத் தங்கையை அறைந்ததை அவள் கண்ணால் பார்த்தாள், கையில் குடத்தோடு. கம்மல் தெறித்து விழுந்தது, அந்தப் பெண் அழவில்லை, எடுத்து ஊதி மாட்டிக்கொண்டாள், பழக்கப்பட்டவள் போல. அதற்கு மூன்றாம் நாள்தான் நெவீன் கேட்டாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகாமல் தங்கைக்கு ஆகாது, தன்னைப் பெண் கேட்ட ரம்ஸியின் வீட்டார் ஈஸ்டருக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள்... ரம்ஸி நல்லவன், இன்றுவரை அவளிடம் குரல் உயர்த்தியதில்லை, அதுதான் கொடுமை. நெவீன் அப்பா வீட்டுக்கு இரண்டு முறை ஓடி வந்தாள், இரண்டு முறையும் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், சபையில் கல்யாணத்தை முறிக்க வழியில்லை. அங்கேயும் பொறுத்துப்போ என்று கையைப் பிடித்துச் சொன்னது யார்? ஐந்தாம் மாடி. மணியை அழுத்தினாள்.

“யாரு வந்திருக்கா, கோயில் ஆளா, என் தங்கச்சியா?” கதவைத் திறந்த நெவீனுக்கு இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. “ரெண்டும்தான்க்கா.” “கோயில் ஆளுன்னா அப்பத்தைக் குடுத்துட்டுக் கிளம்பு. தங்கச்சின்னா உள்ள வா, அவர் தான்தா ஊருக்குப் போயிருக்கார்.” ஃபிரியால் அப்பங்களை அவள் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள், தரை சில்லென்றிருந்தது, என்ன சொல்ல வந்தோம்... அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா, உனக்காக எல்லோரும் ஜெபிக்கிறோம், தெருவிலேயே மனப்பாடம் செய்தவை ஒன்றும் வாயில் வரவில்லை. நெவீன் அவள் பாதங்களையே பார்த்தாள். “எம் பொண்ணு மரீஸ் வந்து சொல்றா, சித்தி நன்மையே வாங்கறதில்லையாம், செருப்புக்குக் காவல் நிக்கிறாளாம். நீயே பட்டினி, என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்திருக்கியாக்கும்!” கேலிதான், ஆனால் அந்தக் கேலியின் அடியில் பழைய அக்கா எட்டிப் பார்த்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. “அயாத் எப்படின்னு அன்னிக்குக் கேட்டியே... எனக்குத் தெரியும்க்கா. அவன் அடிக்கிறதைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்.” நெவீன் கையிலிருந்த அப்பங்களை மெல்ல மேசைமேல் வைத்தாள். கொடுக்கத்தான் ஐந்து மாடி ஏறினேன் என்று நினைத்திருந்தாளே... அக்காவிடம் மிச்சம் என்ன இருக்கிறது, அதையும் வாங்கிப்போகத்தான் வந்திருக்கிறாள், அன்று ஈஸ்டருக்கு முன் அவள் சம்மதத்தை வாங்கிப்போன மாதிரியே. தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

“என்னை மன்னிச்சிடுக்கா.”