பல்கீஸின் பை

மூதூரில் வீட்டையும் திருகோணமலையில் வேலையையும் வைத்துக்கொண்டவர்களுக்குப் பாதிச் சீவியம் கடலில் போய்விடும். தரைவழியும் உண்டுதான். ஆறு குறுக்கிடும் இடமெல்லாம் இறங்கி, மிதவை வருமட்டும் வெயிலில் காய்ந்து, சாவடிக்குச் சாவடி அடையாள அட்டையை நீட்டி ஊர்போய்ச் சேருவதற்குள் தலை நரைத்துவிடும். ஆகவே லாஞ்ச். லாஞ்ச் என்றதும் கப்பல் என்று எண்ணிவிட வேண்டாம். வயிறு பெருத்த ஒரு மரப்படகு, அதற்கு இருமிக்கொண்டே ஓடும் ஓர் எஞ்சின், மேலே ஒரு கூரை. கூரையில் ஆண்களும் சைக்கிள்களும் ஏறிக்கொள்ள, கீழே பலகை வாங்குகளில் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள்.

அந்த வாங்கில் இடம் பிடிப்பதில் இராசமலரை வெல்ல ஆளில்லை. ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. குனிந்த தலை நிமிராமல் கோப்புப் பார்க்கிற அதே மலர், இறங்குதுறைக்கு வந்தால் முழங்கையால் வழி வெட்டுவாள். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் பல்கீஸுக்கு முழங்கை வராது, கால் வரும். சந்தைக்கும் மருந்துக்கடைக்கும் ஒரே ஓட்டமாய்ப் போய்வருவாள். ஆகவே இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். பின்னேரம் பல்கீஸ் தன் பையை மலரிடம் கொடுத்துவிட்டுக் கடைகளுக்கு ஓடுவாள். மலர் முந்தி ஏறித் தனக்குப் பக்கத்தில் அந்தப் பையை வைத்து இடம் போடுவாள். இவர்கள் மட்டுமல்ல, தினம் போய்வரும் எல்லாரும் செய்கிற வேலைதான். ஆளில்லாத பைகள் அந்த லாஞ்சில் மனிதர்களைப்போல உட்கார்ந்திருக்கும்.

சண்டைக் காலத்தில் ஆளில்லாத பை என்றால் குண்டு என்றுதான் அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பழகிப்போனால் எந்தப் பயமும் சோம்பலாகிவிடுகிறது.

அன்று மலருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு வயது மகளுக்குக் காலையிலேயே உடம்பு சுட்டது. கணவனுக்குக் கட்டாரில் வேலை. இரண்டு வீட்டுக்கும் வேலி ஒன்றுதான் என்பதால், பிள்ளையைப் பல்கீஸின் மூத்த சகோதரி பரீதாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மத்தியானம் கந்தோருக்கு யாரோ வந்து, காய்ச்சல் கூடிவிட்டது, பிள்ளை "அம்மா, அம்மா" என்று அனுங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் எழுதிய ஒரு வரியும் நேராக இல்லை.

"காய்ச்சலுக்குப் பாணி மருந்து நான் வாங்கிக்கொண்டு வாறன் மலரக்கா. நீங்க ஓடிப்போய் இடத்தப் புடிங்க. இது கடைசி லாஞ்ச்" என்று பையைக் கையில் திணித்துவிட்டுப் பல்கீஸ் பறந்தாள்.

வாடைக்காற்று தொடங்கியிருந்தது. குடாவில் வெள்ளை வெள்ளையாக அலை உடைந்தது. கடல் சரியில்லை என்று கடற்படைக்காரர் யாராவது கையைக் காட்டினால் லாஞ்ச் நின்றுவிடும். பிறகு விடியுமட்டும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஏலாது. மலர் வாங்கில் இருந்தாள், எழும்பினாள், மறுபடி இருந்தாள். எடுங்களேன், எடுத்துத் தொலையுங்களேன் என்று மனம் எஞ்சினோடு சண்டைபிடித்தது.

எஞ்சின் தொடங்கியது. உடனே நின்றது. புதிதாக மாறி வந்த நேவிக்காரர் நாலைந்து பேர் உள்ளே இறங்கினார்கள். வழமையாக நிற்கிறவர்களுக்கு இந்தப் பைகளின் கதை தெரியும், இவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பையாகத் தொட்டுக் கேட்டார்கள். மற்றப் பைகளுக்கு உரியவர்கள் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். பல்கீஸ் மட்டும் வரவில்லை.

"இந்த பேக் யாரு?"

மலருக்கு வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வயல் காவலுக்கு டோர்ச் லைட் எரியவில்லை, பற்றறி கேட்கிறான் என்று பல்கீஸ் காலையில் தன் தம்பியைப் பற்றிச் சொல்லியிருந்தாள். குண்டுக்கு உதவும் என்று பற்றறி கொண்டுபோகத் தடை. உள்ளே பற்றறி இருந்தால்? அதுவும் ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில் இருந்தால்? இரவு எங்கே, நாளை எங்கே, பிள்ளை எங்கே?

"பேக் யாரு?" அவன் இப்போது மலரைப் பார்த்தே கேட்டான்.

"தெரியாது" என்றாள் மலர்.

எதிர்வாங்கில் இருந்த பெண்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அந்தப் பையைக் கொண்டுவந்து வைத்ததைக் கண்டவர்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அவ்வளவுதான். விசில் ஊதி எல்லாரையும் கரைக்கு ஏற்றினார்கள். பையை நீளத் தடியில் கொழுவி இறங்குதுறையின் ஒதுக்குப்புறத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த நேரத்தில்தான் மருந்துப் பார்சலோடு, முக்காடு நழுவ நழுவப் பல்கீஸ் ஓடி வந்தாள்.

"ஐயோ, அது என்ட பை!"

"யாரு லாஞ்சில வைச்சது?"

பல்கீஸ் கூட்டத்தைப் பார்த்தாள். மலர் முன்வரிசையிலேயே நின்றாள், ஒளிந்துகொள்ளவும் தோன்றாமல். பல்கீஸின் கண் அவள் முகத்தில் ஒரு கணம் நின்று, எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு, அப்பால் போனது.

"நான்தான் வைச்சன். வைச்சிட்டு மருந்து வாங்கப் போனன்."

"கூட யாரு?"

"ஒருத்தரும் இல்ல."

பையைப் பல்கீஸையே திறக்கச் சொன்னார்கள். பள்ளிப் பிள்ளைகளின் சோதனைப் பேப்பர் கட்டு, சாப்பாட்டுப் பெட்டி, ஒரு குடை. பற்றறியின் மணம்கூட இல்லை. ஆனாலும் பையை விட்டுவிட்டுப் போனது குற்றம். பெரிய அதிகாரி வந்து விசாரிக்குமட்டும் ஆள் இங்கேதான் நிற்க வேண்டும் என்றார்கள். இருட்ட முந்தி லாஞ்ச் போகட்டும் என்றும் சொன்னார்கள்.

'என்ர கையாலதான் வைச்சனான்' என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. சொன்னால் பொய் சொன்னவளும் ஆகிவிடுவாள், லாஞ்சும் போய்விடும். பிள்ளை, பிள்ளை என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு மலர் ஏறினாள். வெட்கம் அவளைத் தின்றது, ஆனாலும் ஏறினாள்.

லாஞ்ச் குடாவின் நடுவுக்கு வந்தபோது, ரிக்கட் கொடுக்கும் கலீலுர் றஹ்மான் தள்ளாடித் தள்ளாடி அவளிடம் வந்தார். ஒரு மருந்துப் பார்சலை அவள் மடியில் வைத்தார்.

"பல்கீஸ் டீச்சர் தந்த. புள்ளைக்கு மூணு நேரமும் குடுக்கட்டாம்."

சொல்லிவிட்டு அடுத்த வாங்குக்கு ரிக்கட் கொடுக்கப் போய்விட்டார். மலருக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. நிற்கக்கூட இடமில்லாத லாஞ்சில் ஒருத்தியும் வந்து அதில் உட்காரவில்லை. போத்தலைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். அழுகையோடு அழுகையாய் ஒரு பொய்யையும் கட்டினாள்: பல்கீஸ் லாஞ்சை விட்டுவிட்டாள், நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறாள். நம்பக்கூடிய பொய். இப்படி நிற்காதவர்கள் ஊரில் யார்?

மூதூர் இறங்குதுறையில் பரீதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மலர் பாய்ந்து வாங்கி நெற்றியைத் தொட்டாள். சூடு தணிந்து வேர்த்திருந்தது.

"இப்பதான் காய்ச்சல் விட்ட. கஞ்சியும் குடிச்ச" என்ற பரீதா, இறங்கி வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "பல்கீஸ் எங்க?"

கட்டிவைத்த பொய் நாக்கு நுனியில் இருந்தது. பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிப்பிடித்தது. அந்தச் சின்னக் கையின் ஈரம் பட்டதும் பொய் வரவில்லை.

"மறிச்சு வைச்சிருக்கினம், பரீதாக்கா. பையை நான்தான் லாஞ்சில வைச்சனான். ஆரின்ர பை எண்டு நேவிக்காரர் கேட்க, தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். அவ என்னைக் காட்டிக் குடுக்கேல்லை."

பரீதா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பைக்குள்ள என்ன இருந்த?"

"சோதனைப் பேப்பர். சாப்பாட்டுப் பெட்டி."

"வேற?"

"குடை."

பரீதா கடலைப் பார்த்தபடி நின்றாள். கடைசி லாஞ்சைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"விடியமுந்தி முதல் லாஞ்சில நான் போறன், அக்கா. போய் அவவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள் மலர்.

பரீதா திரும்பினாள். "போய், நீங்க அவளுக்கு ஆர் எண்டு நேவிக்காரனுக்குச் சொல்லுவீங்க?"