உங்கட ஆக்களே சொன்னவையாம்

மனேஜர் கிரஹாம் அதைத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். பதினொரு வருடத்தில் அவர் கையால் நாகேஸ்வரி வாங்கிக் குடித்த முதல் தேநீர் அது. அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் பெரிய சமையல்கூடம் அது. அங்கே டீம் லீடர் பதவிக்கு அவள் மூன்றாவது தடவையாக விண்ணப்பித்திருந்தாள். மூன்றாவது தடவையும் இல்லை என்றாகிவிட்டது. இந்த முறை பதவி ஹேலிக்குப் போனது. ஹேலி வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுக்கு வேலை பழக்கியதே நாகேஸ்வரிதான். முந்தின இரண்டு தடவையும் இதே கதைதான். சமையல்கூடத்தில் அடுப்படியில் நிற்பவர்களெல்லாம் கறுப்பும் மாநிறமுமாக இருப்பார்கள். அவர்களை மேய்ப்பவர்கள் மட்டும் வெள்ளையாக இருப்பார்கள். இதை யாரும் சட்டமாக எழுதி ஒட்டவில்லை, ஆனால் ஒருநாளும் பிசகினதுமில்லை.

"என்னில் என்ன குறை?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேரே கேட்டுவிட்டாள்.

கிரஹாம் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னதாக இருக்க வேண்டாம். உங்கள் ஆட்களே உனக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்கிறார்கள். நான் என்ன செய்ய?"

"யார் சொன்னது?"

"பேர் சொல்வது நியாயமில்லையே," என்றார் அந்த நியாயவான்.

பதவி போன துக்கம் வீட்டுக்குப் புறப்படும்வரைக்கும்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் நெஞ்சை அரித்ததெல்லாம் ஒரே கேள்விதான். சொன்னது யார்?

அவள் பகுதியில் தமிழ்ப் பெண்கள் நான்கே பேர். ஆனால் அவள் விண்ணப்பித்தது யாருக்குத் தெரியும்? எங்கள் சனத்தின் குணம் தெரிந்ததுதானே. வீடு வாங்கினாலும் சாவி கைக்கு வரும்வரை மூச்சு விடமாட்டோம். பிள்ளை டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போனாலும் பல் வலிக்குப் போயிருக்கிறான் என்போம். கண்ணூறு பொல்லாதது. நாகேஸ்வரியும் மூன்று தடவையும் புருஷன் யோகலிங்கத்தைத் தவிர வேறு யாருக்கும் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஒரே ஒரு தடவை, அந்த நால்வரில் ஒருத்தியான கமலேஸ்வரியின் காருக்குள் இருக்கும்போது நேர்முகத்துக்கு நாள் குறித்து கம்பனியிலிருந்து போன் வந்தது. வெம்பிளியிலிருந்து எட்டு வருடமாக இருவரும் அந்தக் காரில்தான் வேலைக்குப் போய் வந்தார்கள். நாகேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிச் சின்னக் குரலில் பதில் சொன்னாள். கமலேஸ்வரி உடனே ரேடியோவைக் குறைத்தாள்.

ஏன் குறைத்தாள்? மரியாதைக்கா, ஒட்டுக் கேட்கவா? அன்றைக்குத் தோன்றாத கேள்வி இப்போது இரவு பகலாகத் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கமலேஸ்வரி சிரித்தால் நக்கல், சிரிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி. ஒருநாள் அவள் கண் சிவந்து கிரஹாமின் அறையிலிருந்து வெளியே வந்ததை நாகேஸ்வரி பார்த்தாள். 'நீலிக்கண்ணீர்,' என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

நிறத்தைப் பார்த்துத்தான் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று கம்பனிக்கு அவள் முறைப்பாடு கொடுத்தாள். கையோடு ஷிப்ட் மாறியது. காலை ஷிப்டில் சமையல் பகுதியில் நின்றவளை மாலை ஷிப்டில் தட்டுக் கழுவும் பகுதிக்குப் போட்டார்கள். கொதிநீரும் சோப்பும் பட்டுப் பட்டு இரண்டு கையும் வெந்து தோல் உரிந்தது. நேரம் ஒத்துவராததால் கமலேஸ்வரியின் காரும் போயிற்று. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டியிருந்தது.

"உந்த வழக்குக் கிழக்கெல்லாம் எங்களுக்கேன்?" என்றார் யோகலிங்கம். "இருக்கிற வேலையும் போகப் போகுது."

"போனால் போகட்டும். என்னட்டைப் பழகினதுகள் எனக்கு மேலை இருந்து விரல் நீட்டுதுகள். எனக்கு ஏலாது."

வெம்பிளியில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் சட்ட ஆலோசகர் வாசுதேவன் இருந்தார். கதை முழுக்கக் கேட்டவர், "முறைப்பாடு குடுத்ததுக்குப் பழிவாங்கி ஷிப்ட் மாத்தினது தனிக் குற்றம். அதையும் சேர்த்து தொழில் நடுவர்மன்றத்துக்குப் போகலாம்," என்றார். "ஆனால் நீங்கள் ஒராள்தான் எண்டால், இவவுக்கு ஆக்களோடை ஒத்துப்போகத் தெரியாது எண்டு லேசாச் சொல்லிப்போடுவினம். உங்கட ஆக்கள் வேற ஆரும் அந்தப் பதவிக்குக் கேட்டவையோ?"

"ஒருதரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

மூன்று தடவை விண்ணப்பித்து மூன்று தடவையும் ஒளித்தவள் இதைக் கண்ணிமைக்காமல் சொன்னாள்.

"அப்ப கவனம். உங்களோடை வேலை செய்யிறவையிலை ஒராளையே உங்களுக்கு எதிராச் சாட்சி சொல்லக் கொண்டு வருவினம்."

"அது ஆரெண்டு எனக்குத் தெரியும்," என்றாள் நாகேஸ்வரி.

வெள்ளிக்கிழமை காலை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் பூசை முடிந்து வரும்போது, செருப்பு வைக்கும் இடத்தில் கமலேஸ்வரி நின்றாள். கையில் பிரசாதம். நாகேஸ்வரிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"கமலாக்கா, உங்களுக்கு நான் என்ன குறை செய்தனான்?"

"அதை நான் எல்லோ உம்மைக் கேக்கோணும்!"

"எனக்குக் கீழை வேலை செய்ய மாட்டம் எண்டு மனேஜரிட்டைச் சொன்னது நீங்கள்தானே? எங்கட ஆக்களே சொன்னவையாம். பேரைத்தான் சொல்லேல்லை."

கமலேஸ்வரியின் முகம் மாறியது. "உமக்கும் அதையோ சொன்னவன்?"

"எனக்கும் எண்டால்?"

"நானும் ரெண்டு தரம் கேட்டனான், நாகேஸ். போன வருசமும், இப்ப ஹேலிக்குக் குடுத்த இடத்துக்கும். உங்கட ஆக்களே உனக்குக் கீழை நிக்க மாட்டினமாம் எண்டுதான் எனக்கும் சொன்னவன். அண்டைக்கு அவன்ரை அறையிலிருந்து அழுதுகொண்டுதான் வந்தனான்."

"எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"நீர் சொன்னனீரோ? காருக்குள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி இரகசியம் கதைச்சீர். என்னைப் பற்றித்தான் ஆரிட்டையோ குசுகுசுக்கிறீர் எண்டு நினைச்சன்."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடியே ஊரை இரண்டாக்கியிருந்தான், அதுவும் ஒரே ஒரு வசனத்தால். நாகேஸ்வரிக்குச் சிரிப்புக்கூட வரப் பார்த்தது.

"நான் கையெழுத்து வைச்சிட்டன்," என்றாள் கமலேஸ்வரி.

"எதுக்கு?"

"நீர் ஆக்களோடை கடுமையாக் கதைக்கிறனீர், உமக்குக் கீழை வேலை செய்ய ஏலாது எண்டு. கிரஹாம் ரைப் பண்ணி வைச்சிருந்தவன். உம்மிலை இருந்த கோவத்திலை வைச்சிட்டன். அடுத்த இடம் எனக்கு எண்டும் சொன்னவன்."

"அப்ப அது பொய்யெண்டு போய்ச் சொல்லுங்கோவன்!"

கமலேஸ்வரி நாகேஸ்வரியின் உரிந்த கைகளைப் பார்த்தாள். "வாய் திறந்த உமக்கு என்ன நடந்தது எண்டு கண்ணாலை பாக்கிறன். மகள் இப்பதான் யூனிவர்சிட்டிக்குப் போறாள். எனக்கு ஏலாது, நாகேஸ்." செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் அவசரமாக நடந்து போய்விட்டாள்.

முறைப்பாட்டு விசாரணை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மனிதவளப் பிரிவுப் பெண்மணியும் கிரஹாமும்; இந்தப் பக்கம் நாகேஸ்வரியும் யூனியன்காரரும். சாட்சி சொல்லக் கமலேஸ்வரியை அழைத்தார்கள். கிரஹாம் எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். நாகேஸ்வரியின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கோயிலில் சொன்னதெல்லாம் நடிப்போ? என் வாயைக் கிண்டி அறியத்தான் அப்படிக் கதைத்தாளோ?

"இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்டாள் பெண்மணி.

"என்னுடையதுதான்," என்றாள் கமலேஸ்வரி ஆங்கிலத்தில். கிரஹாம் தலையாட்டினார். "ஆனால் எழுதினது அவர். அதில் இருப்பது உண்மையில்லை."

கமலேஸ்வரியின் ஆங்கிலம் தடுக்கித் தடுக்கி வந்தது, ஆனால் நிற்கவில்லை. "நானும் அந்தப் பதவியை இரண்டு தடவை கேட்டேன். உங்கள் ஆட்களே உன்னை வேண்டாம் என்கிறார்கள் என்று இவர் எனக்கும் சொன்னார். அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியானால் சொன்னது யார்? இப்போது பேரைச் சொல்லட்டும்."

பெண்மணி முதல்தடவையாகக் கிரஹாமைத் திரும்பிப் பார்த்தாள். கிரஹாம் தன் முன்னாலிருந்த கடதாசிகளை அடுக்கினார். அடுக்கியிருந்ததையே மறுபடியும் அடுக்கினார். பேர் வரவில்லை. மேலதிகமாக ஆராய வேண்டும் என்று சொல்லி விசாரணையை ஒத்திவைத்தார்கள்.

வெளியே நடைவழியில் நாகேஸ்வரி அவள் கையைப் பிடித்தாள். "ஏலாது எண்டனீங்கள். பிறகேன்?"

"உமக்காக எண்டு நினைக்காதையும்." கமலேஸ்வரியின் குரலில் கோபம்தான் இருந்தது. "எட்டு வருசம் எனக்குப் பக்கத்திலை இருந்தனீர். அவன் ஒரு வசனம் சொன்னான், நான் உடனை நம்பிட்டன். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை."

"நானும்தான் நம்பினனான், அக்கா," என்றாள் நாகேஸ்வரி. கிரஹாமில் இருந்த கோபத்தைவிடத் தன்னில் இருந்த கோபம் அந்த நேரம் பெரிதாக இருந்தது.

அடுத்த கிழமை ஷிப்ட் அட்டவணை வந்தபோது கமலேஸ்வரியின் பேரும் தட்டுக் கழுவும் பகுதியில் இருந்தது. இரண்டு பேருடைய பெயரிலும் நடுவர்மன்றத்துக்குப் போடலாம் என்று வாசுதேவன் உற்சாகமாகச் சொன்னார். வெல்லுமா என்று கேட்டதற்கு மட்டும் நேரே பதில் சொல்லவில்லை.

இருவரும் கொதிநீர் ஆவிக்குள் நின்ற ஒரு மாலையில், மற்றப் பகுதியில் வேலை செய்யும் ஆரணி அழுக்குத் தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியை விட்டுவிட்டுப் போகவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நாகேஸ்வரியின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கும் அப்படித்தான் சொன்னவர்."

இவளைக் கிரஹாம்தான் அனுப்பியிருப்பாரோ என்பதுதான் நாகேஸ்வரியின் மனதில் முதலில் ஓடியது. ஓடின வேகத்தில் அவளுக்கே தன்னில் எரிச்சல் வந்தது. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கமலாக்காவுக்கும் கேக்கட்டும், பிள்ளை," என்றாள். "சத்தமாச் சொல்லும்."